கூப்பிட்டால் வருகிறார்கள்

"கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" பெண்களின் விழிப்புணர்வை அளக்கக் கிளம்பும் ஆய்வுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதுதான் முதல் கேள்வி. எதனால் வருகிறது, அறிகுறி என்ன, பரிசோதனை உண்டா, தடுப்பூசி உண்டா என்று அடுத்தடுத்து வரும். பிறகு மனப்பான்மை: பரிசோதனை அவசியம் என்று நினைக்கிறீர்களா, இலவசமாகச் செய்தால் வருவீர்களா. கடைசியில், செய்துகொண்டதுண்டா. நர்சிங் கல்லூரிகளிலும் மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகளிலும் இப்படிப்பட்ட ஆய்வுகள் விடாமல் நடந்துவருகின்றன. ஊர் மாறும், எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கும். கிடைக்கும் சித்திரம் பெரிதாக மாறுவதில்லை. பெயரைக் கேள்விப்பட்டவர்கள் ஓரளவு இருப்பார்கள். காரணம் தெரிந்தவர்கள் குறைவு. பரிசோதனை நல்லதுதான் என்று தலையாட்டுபவர்கள் நிறையப் பேர். செய்துகொண்டவர்கள் மிகச் சிலர். ஆகவே பெண்களிடையே விழிப்புணர்வை வளர்க்க வேண்டும் என்று ஆய்வு முடியும்.

அந்த முடிவில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. தெரியாமை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நல்லதுதான் என்று ஒப்புக்கொண்ட பெண்ணும் போகாமல் இருக்கிறாள் என்பதையும் அதே ஆய்வுகள்தான் காட்டுகின்றன. அவளுக்கும் பரிசோதனை மேசைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று கேட்காமல் 'விழிப்புணர்வு' என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டால், பழி முழுவதும் அவள் தலையில் விழுகிறது.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி 2022-ல் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. கிட்டத்தட்ட 80,000 பேர் இறந்தார்கள். நாளொன்றுக்கு இருநூறு பேருக்கு மேல். 2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு, 30 முதல் 49 வயதுள்ள பெண்களிடம் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று கேட்டது. நாடு முழுவதற்கும் கிடைத்த விடை நூற்றுக்கு 1.9. தமிழ்நாட்டில் 9.8. பெரிய மாநிலங்களில் இதுதான் முதலிடம். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் அறிவித்த இலக்கு, 2030-க்குள் நூற்றுக்கு எழுபது பெண்கள் 35 வயதுக்குள் ஒரு முறையும் 45-க்குள் இன்னொரு முறையும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது. முதலிடத்தில் இருக்கிற நாமே எழுபதுக்குப் பத்தைத் தொடவில்லை.

இதே குடும்பநல ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஆக, நம் பெண்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் கூச்சம், நம்பிக்கையில்லை, பழக்கமில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மாதாமாதம் போனார்கள், எடை பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மேசையில் படுத்தார்கள். இரண்டாவது குழந்தையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகிவிடுகிறது. அப்போது அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அதோடு மருத்துவத் துறை அவளைக் கைகழுவிவிடுகிறது. தாய்–சேய் நலப் பதிவேட்டில் அவள் பெயர் இருந்த பக்கம் முடிந்தது. முப்பது வயதில், முப்பத்தைந்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பதிவேடு எதுவும் இல்லை. இந்த நோய் உள்ளே வேர்விடும் வருடங்கள் அவைதான்.

நம் திருவண்ணாமலையில் பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பூக்கட்டுகிறவர்கள், இட்லிக்கடை போட்டிருப்பவர்கள், விடுதி அறைகளைப் பெருக்குகிறவர்கள் என்று முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் ஏராளம். அவர்களோடு உட்கார்ந்து பேசினால் கேள்வித்தாளில் கட்டம் போட்டு அடைக்க முடியாத விடைகள் வரும். "எனக்கு ஒண்ணும் இல்லியேமா, நான் எதுக்குப் போவணும்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் விடை. அப்புறம், "வெள்ளைப்படுது, அது சூடு, வெந்தயம் ஊறவெச்சுத் தின்னா சரியாப்பூடும்." சற்றுப் பழகியபின், "ஆம்பளை டாக்டரா பொம்பளை டாக்டரா?" கடைசியாக, குரலைத் தாழ்த்தி, "இருக்குதுன்னு சொல்லிட்டா இன்னா பண்றது? பசங்க சின்னப் பசங்க."

இந்த நாலு விடைகளிலும் நியாயம் இருக்கிறது. உடம்புக்கு வந்தால்தான் மருத்துவரிடம் போவது என்பது அன்றாடங்காய்ச்சியின் கணக்கு. ஒரு நாள் கடை போடாவிட்டால் அந்த நாள் வருமானம் போச்சு. அதுவே கிரிவலக் கூட்டம் வரும் பௌர்ணமியாக இருந்தால் ஒரு மாதத்துப் பெரிய வருமானமே போச்சு. ஆண் மருத்துவரா என்று கேட்பது மூடநம்பிக்கை ஆகாது; படித்த பெண்களும் கேட்கும் கேள்விதான் அது. நோய் இருந்துவிட்டால் என்ற பயமோ, கண்ணால் கண்டதிலிருந்து வருவது. தெருவில் ஒருத்திக்கு முற்றிய பிறகு கண்டுபிடித்து, வேலூருக்கும் புதுச்சேரிக்கும் அடையாற்றுக்கும் அலைந்து, நகையும் நிலமும் போய், ஆளும் போனதைப் பார்த்தவர்களுக்குப் புற்றுநோய் என்றாலே சாவு என்றுதான் படும். ஆரம்பத்தில் பிடித்துச் சரியான பெண்ணை அவர்கள் பார்த்ததே இல்லை. அப்படிச் சரியானவள் வெளியே சொல்லிக்கொள்வதும் இல்லை.

உண்மையாகவே தெரியாமல் இருப்பது ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரிய ஒன்று: இந்தப் பரிசோதனை நோயைத் தேடுவதில்லை, நோய்க்கு முந்தைய நிலையைத் தேடுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எப்போதும் காரணம் எச்பிவி என்ற வைரஸ். இதை நிலைநாட்டிய ஜெர்மானியர் ஹரால்டு சூர் ஹாவ்சனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய வாழ்க்கை தொடங்கிய பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த வைரஸ் எப்போதாவது தொற்றும். ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் விலகாமல் தங்கி, கருப்பை வாயின் செல்களை மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றாக முற்றப் பொதுவாகப் பதினைந்து, இருபது வருடம் எடுக்கும். வலி இருக்காது, இரத்தப்போக்கு இருக்காது. "எனக்கு ஒண்ணும் இல்லியே" என்று அவள் சொல்வது முழு உண்மை. அந்த ஒன்றுமில்லாத காலத்தில் பார்த்தால்தான் சில நிமிட வைத்தியத்தில் முடியும். இத்தனை நீண்ட அவகாசம் கொடுக்கிற புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. அப்படியிருந்தும் வருடத்துக்கு 80,000 பேரை இழக்கிறோம் என்பதை என்னால் சாதாரணமாக எழுதிவிட்டுப் போக முடியவில்லை.

பால்வழி தொற்றும் வைரஸ் என்பதைச் சொல்லும் விதத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சரியாகச் சொல்லாவிட்டால், பரிசோதனைக்குப் போகிறவள் நடத்தையைச் சந்தேகிக்க அதுவே காரணமாகிவிடும். "அவ எதுக்கு அந்த டெஸ்டுக்குப் போனா?" என்ற ஒரு கேள்வி தெருவில் கிளம்பினால் அடுத்த வீட்டுக்காரி வரமாட்டாள். ஒரே கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் இது வரும், கணவன் வழியாகவும் வரும், கல்யாணத்துக்கு முன்பே அவனுக்குத் தொற்றியிருக்கலாம், அவனுக்கே தெரியாமலும் இருக்கலாம் என்று ஆண்களையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். நம் பிரசாரத் துண்டறிக்கைகளோ பெண்களுக்கென்றே அச்சாகின்றன.

பரிசோதனை அறையில் நடப்பது என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு திரைச்சீலை, ஒரு மேசை, ஒரு விளக்கு. புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கால்களை மடக்கிப் படுக்க வேண்டும். வாத்து அலகைப் போன்ற ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைத்து மெல்லத் திறப்பார்கள்; உலோகத்தில் ஆனதென்றால் சில்லென்று இருக்கும், அழுத்தமாகத் தெரியும், பெரும்பாலும் வலிப்பதில்லை. நீர்த்த அசெட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் இருக்கும் அதே பொருளில், பஞ்சை நனைத்துக் கருப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிடம் காத்திருந்து பார்ப்பார்கள். மாறுதல் அடைந்த செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அயோடின் தடவிப் பார்க்கும் முறையும் உண்டு. அதில் நல்ல பகுதி கரும்பழுப்பாகும், மாறிய பகுதி கடுகு மஞ்சளாக நிற்கும். வி.ஐ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த அமிலச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம், பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் போதும். எல்லாம் ஐந்து நிமிடம். பிரசவ வார்டில் திட்டு வாங்கியே பழகிய ஒரு பெண்ணுக்கு, அந்த ஐந்து நிமிடத்தில் நர்ஸ் பேசும் பேச்சுதான் முக்கியம். "காலை அகட்டு" என்று அதட்டப்பட்டவள் அடுத்த முறை வரமாட்டாள், தங்கையையும் வரவிடமாட்டாள். "இப்ப கொஞ்சம் சில்லுனு இருக்கும்மா, மூச்சை இழுத்து விடு" என்று சொல்லிச் செய்தால் அவளே நாலு பேரைக் கூட்டிவருவாள். எந்தக் கேள்வித்தாளிலும் இந்த மனப்பான்மைக்குக் கட்டம் கிடையாது. அங்கே அளக்கப்படுவது எப்போதும் நோயாளியின் மனப்பான்மைதான்.

தமிழ்நாட்டுப் பெண்கள் வருவார்களா மாட்டார்களா என்ற கேள்விக்கு இருபது வருடங்களுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக நலவாழ்வு மையமும், அடையாறு புற்றுநோய் நிறுவனமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2000-ல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயதுள்ள கிராமத்துப் பெண்கள். பரிசோதனைக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் 49,311 பேர். நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சொல்லி, ஊருக்குப் பக்கத்திலேயே முகாம் வைத்து அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். நூற்றுக்கு 63 பேருக்கு மேல். விவசாயக் கூலிகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர், இந்த நோயின் பெயரைக்கூட முன்பு கேட்டிராதவர்கள். பத்தில் ஒருவருக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது; தேவைப்பட்டவர்களுக்கு நர்ஸ்களே குளிர்வைத்து உறையவைக்கும் சிகிச்சையைச் செய்தார்கள். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையால் அந்த ஊர்களில் நோய் 25 விழுக்காடும், இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

இந்த ஆய்வைப் பாராட்டும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட ஊர்களில் 30,958 பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு முகாம் நடத்தப்படவில்லை. இதே போன்ற ஏற்பாட்டில் மும்பையிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் நடந்த ஆய்வுகளையும் சேர்த்து, பரிசோதனை பயன்தரும் என்று உலகம் அறிந்தபின் இப்படி ஒரு பகுதியை விட்டுவைத்தது சரியா என்று மருத்துவ அறவியலாளர்கள் கடுமையாகக் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். அந்தப் பெண்கள் கொடுத்த விலைக்கு, அந்த ஆய்வு கற்றுத்தந்ததை மாநிலம் முழுக்க நிறைவேற்றுவதுதான் குறைந்தபட்ச ஈடு.

நிறைவேற்ற முயற்சி நடந்தது. உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு நலவாழ்வுத் திட்டத்தின் கீழ் 2007-ல் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கி, 2012-ல் எல்லா மாவட்ட அரசு நிலையங்களுக்கும் விரிவுபடுத்தினார்கள். திருவண்ணாமலையும் அதில் உண்டு. நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு முன்னால் தமிழ்நாடு நிற்பதற்கு அதுதான் காரணம். பிறகு 2016-ல் மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது: 30 முதல் 65 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற மாநில அரசுத் திட்டம் வந்தபின், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது; 2023-ல் ஈரோடு, கன்னியாகுமரியோடு நம் பக்கத்து மாவட்டங்களான ராணிப்பேட்டை, திருப்பத்தூரிலும் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வீடு தேடி அழைக்கும் முயற்சி தொடங்கியது.

அம்பிளிக்கையில் 63, மாநிலம் முழுவதும் பத்துக்கும் குறைவு. குடும்பநல ஆய்வு பெண்களின் வாய்மொழியை எழுதிக்கொண்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேறு எதற்கோ போன இடத்தில் பரிசோதிக்கப்பட்டு, என்ன பரிசோதனை என்று சொல்லப்படாமலே திரும்பியவர்கள் 'இல்லை' என்றிருக்கலாம். அதுவும் நம் குறைதான். எப்படிப் பார்த்தாலும் இந்த இடைவெளி பெண்களின் அறிவில் ஏற்பட்ட வித்தியாசத்தால் வந்திருக்க முடியாது. இருபது ஆண்டில் படிப்பு கூடியிருக்கிறது, தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்திருக்கிறது, கைபேசி வந்திருக்கிறது. மாறியது அழைப்பு. அம்பிளிக்கையில் ஆளைத் தேடிப்போய்க் கூப்பிட்டார்கள். அரசு நிலையத்தில் வேறு எதற்காகவோ வருகிறவளிடம் "இதையும் பார்த்துக்கிறியாம்மா?" என்கிறார்கள். அதுவும் அன்றைக்கு ஆள் இருந்தால், மாதவிலக்கு இல்லாமல் இருந்தால், கூட வந்த மாமியாருக்கு அவசரம் இல்லாமல் இருந்தால்.

இலங்கையில் இதற்கு ஒரு நேரான வழி கண்டார்கள். 1996 முதல் அங்கே சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. ஒரு பெண்ணுக்கு 35 வயது ஆனால் அந்தப் பகுதிக் குடும்பநல மாது அவளை அழைத்துவர வேண்டும். பின்னால் 45 வயதும் சேர்க்கப்பட்டது. 'முப்பதிலிருந்து அறுபத்தைந்துக்குள் எப்போதாவது' என்று சொன்னால் எப்போதுமே நாளைக்குத்தான். 'முப்பத்தைந்து' என்று சொன்னால் ஒரு கிராம சுகாதாரச் செவிலியரின் கையில் இந்த வருடத்துக்கு இத்தனை பெயர் என்று ஒரு பட்டியல் வந்துவிடும். பிரசவத் தேதியைக் கணக்குப் போட்டு வீட்டு வாசலில் வந்து நிற்கும் அதே செவிலியர்தான். அவருக்குப் பட்டியல் கொடுத்தால் போதும், வேலை தெரியும். அதற்கேற்ப ஆள்பலமும் கொடுக்க வேண்டும் என்பதைச் சேர்த்தே சொல்கிறேன்.

முகாமின் நாளும் நேரமும் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு ஏற்றபடி அமைய வேண்டும். நகரத்தில் பௌர்ணமியை ஒட்டியும் கார்த்திகை தீபத்தின் போதும் முகாம் வைத்தால் ஆள் வராது. கிராமங்களில் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கும் நாட்களில் வராது. செய்யாறு சிப்காட் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கம்பெனி பஸ் போகும் நேரமும் ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரமும் ஒன்றுதான். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும், இல்லையென்றால் தொழிற்சாலைக்குள்ளேயே வேண்டும். ஜவ்வாது மலையில் கதையே வேறு. ஜமுனாமரத்தூருக்கு இறங்கிவரவே அரை நாள் ஆகும் ஊர்களில், ஒரு பெண்ணுக்கு வெள்ளைத் திட்டு தெரிந்து, "திருவண்ணாமலை ஜி.எச்.சுக்குப் போம்மா" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டு மடித்தபடி டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். ஒரு நாள் பஸ், ஒரு நாள் கூலி, கூட வர ஓர் ஆள். அங்கே போய் டாக்டர் இல்லை என்றால் அதோடு முடிந்தது. பரிசோதனை செய்த அன்றே, அதே இடத்தில், கையில் பிடிக்கும் கருவியால் சூடுவைத்துச் சிகிச்சை முடிக்கும் முறை இப்போது இருக்கிறது. மலைக்குப் போகிற குழு அந்தக் கருவியோடு போகவில்லை என்றால், நோய் வரக்கூடும் என்ற பயத்தை மட்டும் கொடுத்துவிட்டு வருகிறது. பத்தில் ஒருவருக்கு இப்படித் தெரியும், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை என்பதைச் சோதனைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்; பின்னால் சொன்னால் காதில் ஏறாது.

தடுப்பூசி பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை, பயன் நிரூபணமானது. அன்றைய ஆந்திரத்தின் கம்மத்தில் நடந்த தடுப்பூசித் திட்டம் சிறுமிகள் சிலர் இறந்ததையடுத்து 2010-ல் நிறுத்தப்பட்டது. இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணை சொன்னாலும், பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் வாங்காதது வெளிவந்தது. அந்த அவநம்பிக்கை நாட்டைப் பல வருடம் பின்னுக்கு இழுத்தது. புனேயின் சீரம் நிறுவனம் 2022-ல் உள்நாட்டுத் தடுப்பூசியை அறிவித்தது. தமிழ்நாடு 2025–26 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் தாய்க்குப் பெரும்பாலும் முப்பத்தைந்திலிருந்து நாற்பதுக்குள் வயது. மகளுக்கு ஊசி போடும் நாளில் தாய்க்கும் தேதி குறித்துக் கொடுத்தால், இரண்டு தலைமுறைக்கும் ஒரே பேச்சில் வழி பிறக்கும். மகளுக்காக வருகிறவள் தனக்காகவும் ஒரு தடவை வருவாள்.

கூச்சத்துக்கு நேரடியான தீர்வும் இப்போது இருக்கிறது. எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, பெண் தானே கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதும். மேசை வேண்டாம், ஸ்பெகுலம் வேண்டாம், ஆண் டாக்டரா பெண் டாக்டரா என்ற கேள்வியே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் இந்தச் சோதனையைத்தான் முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. மலேசியாவில் 2018-ல் மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய 'ரோஸ்' திட்டத்தில் பெண்கள் இப்படித்தான் மாதிரி எடுக்கிறார்கள். முடிவு கைபேசிக்கு வருகிறது. வைரஸ் இருப்பவர்களை மட்டும் மருத்துவமனைக்கு அழைக்கிறார்கள். உஸ்மானாபாத் ஆய்வில் வைரஸ் சோதனை ஒரு முறை செய்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

செலவு அதிகம் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தடை. காசநோய்க்கும் கொரோனாவுக்கும் பயன்படுத்திய ட்ரூநாட் கருவிகள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. அதே கருவியில் எச்பிவி சோதனை செய்யும் சிப் இந்தியாவிலேயே தயாராகிறது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை அடுத்த விழிப்புணர்வு ஆய்வுக்குக் கிளம்பும்போது, கேள்வித்தாளோடு ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஒரு பஞ்சுக்குச்சி உறையையும் கொடுக்கட்டும். "தெரியுமா" என்ற கேள்விக்கு எத்தனை பேர் ஆம் என்றார்கள் என்பதற்குப் பக்கத்தில், உறையை வாங்கிக்கொண்டு போய் நிரப்பித் திருப்பித் தந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணையும் போடட்டும்.